அரல்லு: பாபிலோனியர் கண்ட இறந்தோர் நாடு

ஆங்கிலத்தின் பேரகராதிகளில் இடம்பெற்றும் மக்கள் பேச்சில் ஒருபோதும் புழங்காமல், பண்டைய மேற்காசியச் சமயங்களைப் பற்றிய நூல்களில் மட்டும் அரிதாகத் தலைகாட்டும் சொற்களில் ஒன்று ‘அரலு’ என்பது. ‘அரல்லு’ என்றும் எழுதப்படும் இச்சொல், இறந்தோர் அனைவரும் சென்று சேர்வதாக மெசபொத்தேமிய மக்கள் நம்பிய கீழுலகின் பெயர். அதன் தாயகம் அக்காடிய மொழி. அரபு, எபிரேயம், அரமேயம் ஆகியவற்றோடு ஒரே செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த அக்காடியம், இன்றைய இராக்கில் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் பாயும் நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி, பாபிலோனியம், அசீரியம் என்னும் இரு பெரும் கிளைவழக்குகளாகப் பிரிந்து, இறுதியில் அரமேயத்துக்கு இடம் விட்டு மறைந்தது. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியின் முனையை அழுத்தி, ஆப்பு வடிவத் தடங்களாகப் பதிக்கும் ஆப்பெழுத்தில் அது எழுதப்பட்டது.

அக்காடியச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்த வழிகள் இரண்டு. முதலாவது வணிகத்தின் வழி: எள், சீரகம், நாணல், மண்ணெண்ணெய் வகையான நாப்தா ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள், மெசபொத்தேமியச் சந்தைகளில் புழங்கிய சொற்களாகத் தொடங்கி, அண்டை மொழிகளின் வாயில் உருமாறி, கிரேக்கத்தையும் இலத்தீனையும் கடந்து மேற்கே போய்ச் சேர்ந்தவை. அவற்றைப் பேசியவர்களுக்கு அவற்றின் பிறப்பிடம் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது வழி மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. படிப்படியாக உயரும் கோயில் கோபுரத்தைக் குறிக்கும் ‘சிகுராத்’ போல, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் எவர் நாவிலும் ஒலிக்காமல் களிமண்ணில் உறங்கிக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அகழ்வாளர்களாலும் மொழியறிஞர்களாலும் நேராக மீட்டெடுக்கப்பட்ட சொற்கள் இவை. அரல்லு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மோசூல் நகருக்கு எதிரே உள்ள கூயுஞ்சிக் மேட்டில், பழைய நினிவே நகரின் அரண்மனைகளை ஆங்கிலேயரான ஆஸ்டன் ஹென்றி லேயர்டு அகழ்ந்ததைத் தொடர்ந்து, அதே மோசூலில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் 1853இல் அசூர்பானிபாலின் அரண்மனையைக் கண்டுபிடித்தார். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசை ஆண்ட அசூர்பானிபால், தன் நாட்டிலும் பாபிலோனியாவிலும் இருந்த நூல்களைத் தேடிப் படியெடுத்துச் சேர்த்து வைத்த அரசர். அவருடைய நூலகத்திலிருந்து கிடைத்த பலகைகளும் உடைசல்களுமாக ஏறத்தாழ 30,000 துண்டுகள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் படிக்க முடியும் என்பதே அன்று பலருக்கு ஐயமாக இருந்தது. 1857இல் இலண்டன் அரச ஆசியக் கழகம், முதலாம் திக்லத்பிலேசர் என்னும் அசீரிய அரசரின் பொறிப்பு ஒன்றை ஹென்றி ராலின்சன், எட்வர்டு ஹிங்ஸ், ஃபாக்ஸ் டால்பட், ஜூல்ஸ் ஒப்பர்ட் ஆகிய நால்வரும் ஒருவரை ஒருவர் கலக்காமல் மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் அனுப்பிய பின் ஒப்பிட்டுப் பார்த்தது. மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஒத்திருந்தன. அந்த நாளிலிருந்தே அக்காடியம் படிக்கப்பட்ட மொழியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒளிப்படக் கலையின் முன்னோடியாகவும் புகழ்பெற்ற டால்பட், இஷ்தார் என்னும் பெண்தெய்வம் கீழுலகுக்கு இறங்கிச் செல்லும் அக்காடியக் கதைப்பாடலை ஆங்கிலத்தில் தந்தபோது, அவ்வுலகுக்கு ‘ஹேடிஸ்’ என்ற கிரேக்கப் பெயரையே சூட்டினார். அன்றைய கல்விச் சூழலில் அது இயல்பு. கிரேக்கமும் விவிலியமும் படித்த வாசகருக்குத் தெரிந்த கீழுலகுகள் அவை இரண்டும் தந்தவையே. ஆனால் பலகைகள் பெருகப் பெருக, அந்தக் கடன் பெயர் பொருந்தாமை தெரியலாயிற்று. அமெரிக்க அறிஞர் மோரிஸ் ஜாஸ்ட்ரோ 1898இல் வெளியிட்ட பாபிலோனிய, அசீரியச் சமயம் பற்றிய பெருநூலில், மரணத்துக்குப் பிந்தைய வாழ்வைப் பேசும் பகுதி முழுவதிலும் ‘அரலு’ என்ற மூலச் சொல்லையே ஆண்டார். அந்தத் தேர்வு சரியானது என்பதே இவ்வுரையின் கருத்து. பாவிகள் எரியும் நரகமும் அரல்லு ஆகாது, வினைப்பயனைத் தீர்க்கும் யமலோகமும் ஆகாது. தண்டனை என்ற எண்ணத்தைத் தன்னோடு இழுத்துவரும் எந்தச் சொல்லும் அந்த நாட்டைப் பொய்யாக்கிவிடும்.

இச்சொல்லின் வேர் அக்காடியத்துக்கும் முந்தையது. அக்காடியர்க்கு எழுத்தையும் தெய்வங்களையும் தந்த சுமேரியர், எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தம் மொழியில், ‘அராலி’ என்று வழங்கிய பெயரே அக்காடியத்தில் ‘அரல்லு’ ஆனது. சுமேரிய இலக்கியத்தில் அராலி ஒரு நிலப்பகுதியாகவும் வருகிறது: ஊருக்கும் வயலுக்கும் அப்பால், ஆடு மாடு மேயும் வறண்ட வெளி. ஆயர் தெய்வமான தும்முசி, தன்னைப் பிடிக்க வரும் கீழுலகக் காவலருக்கு அஞ்சி, அராலியின் வாய்க்கால்களுக்குள் ஒளிந்துகொள்வதாக ஒரு பாடல் கூறுகிறது. அந்தக் காவலர்க்கு ‘கல்லா’ என்று பெயர். அவர்கள் உண்பதில்லை, பருகுவதில்லை, கையூட்டு வாங்குவதில்லை, ஆகவே எவராலும் அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒளிந்த தும்முசி காட்டிக்கொடுக்கப்பட்டு இறக்கிறான். ஆயன் ஒளிந்த மேய்ச்சல் வெளியின் பெயரே இறந்தோர் நாட்டின் பெயராகவும் வழங்கியது ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழ்ந்த மக்களுக்கு, நீர் முடியும் இடத்தில் தொடங்கும் வெளியே உயிர் வாழ்வின் எல்லையாகவும் இருந்தது. சுமேரியத்தில் மலையையும் அயல்நாட்டையும் குறித்த ‘கூர்’ என்னும் சொல்லும் அதேபோலக் கீழுலகுக்கு வழங்கியது.

பெயர்கள் இன்னும் உண்டு. ‘திரும்பி வராத நாடு’ என்ற பொருளில் சுமேரியர் ‘கூர்நுகி’ என்றதை அக்காடியர் ‘எர்செத் லா தாரி’ எனத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். ‘பெருநகர்’ என்னும் சுமேரியத் தொடரிலிருந்து வந்தது ‘இர்கல்லா’. இது கீழுலக அரசியான எரேஷ்கிகாலின் மறுபெயராகவும் நின்றது. அவளுடைய கணவனாகப் பின்னாளில் கருதப்பட்ட நெர்கலின் கோயில் நகரான கூத்தாவின் பெயரும் கீழுலகைச் சுட்டியதுண்டு.

அந்த நாட்டின் தோற்றத்தை விரிவாகக் காட்டுவது இஷ்தாரின் இறக்கம். காதலுக்கும் போருக்கும் உரிய தெய்வமான இஷ்தார் தன் தமக்கை எரேஷ்கிகாலின் நாட்டுக்கு ஏன் புறப்பட்டாள் என்பதை அக்காடியப் பாடல் சொல்வதில்லை. ஏறத்தாழ 400 அடிகள் கொண்ட பழைய சுமேரிய வடிவத்தில் மட்டும், தமக்கையின் கணவனுடைய இறுதிச் சடங்குக்கு வந்ததாக அவள் ஒரு காரணம் கூறுகிறாள். முதல் வாயிலில் நின்று, திறக்காவிட்டால் கதவை உடைப்பேன், இறந்தோரை எழுப்பி மேலே விடுவேன், அவர்கள் உயிரோடிருப்போரைத் தின்பார்கள் என மிரட்டும் அவள், அடுத்தடுத்த ஏழு வாயில்களிலும் ஒவ்வொன்றாக இழக்கிறாள்: மணிமுடி, காதணி, கழுத்து மணிகள், மார்பில் உடையைப் பூட்டும் ஊசிகள், இடையில் கட்டிய பிறப்புக் கற்களின் கச்சை, கைவளையும் காற்சிலம்பும், கடைசியில் மேனியை மூடிய உடை. ஒவ்வொரு முறையும் ஏன் என்று அவள் கேட்க, இது அரசியின் முறைமை என்ற ஒரே விடையை வாயிற்காவலன் தருகிறான். பாடலின் ஆற்றல் இந்தச் சலிப்பற்ற மீள்கூறலில்தான் இருக்கிறது. விண்ணுலகின் மிக வலிய பெண்தெய்வம், தண்டிக்கப்படாமலேயே, வெறும் ஒழுங்குமுறையால் கையறு நிலைக்கு வந்து சேர்கிறாள்.

அங்கே வாழ்வோரைப் பற்றிய வருணனை சுருக்கமானது, ஆனால் மறக்க முடியாதது. ஒளியில்லாத வீட்டில், பறவைகளைப் போல இறகாடை உடுத்து, புழுதியை உணவாகவும் களிமண்ணை அப்பமாகவும் கொண்டு அவர்கள் இருக்கிறார்கள். கதவின் மீதும் தாழ்ப்பாளின் மீதும் தூசி படிந்திருக்கிறது. இதே அடிகள் கில்காமேஷ் காப்பியத்தின் ஏழாம் பலகையில், நாயகன் கில்காமேஷின் தோழன் என்கிடு சாகும் தறுவாயில் காணும் கனவிலும் ஏறக்குறைய மாற்றமின்றி வருகின்றன. அக்கனவில் ஒரு மூலையில் மணிமுடிகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் நாடாண்ட மன்னர்கள் தேவர்களுக்கு உணவு பரிமாறும் ஏவலராக நிற்கிறார்கள். பூசாரிகளும் அங்கேயே இருக்கிறார்கள். எரேஷ்கிகாலின் முன்னே பெலெத்சேரி என்னும் பெண் எழுத்தர் மண்டியிட்டுப் பலகையைப் படிக்கிறாள். நன்மை செய்தவர், தீமை செய்தவர் என்ற பிரிவினை இக்கனவில் எங்கும் இல்லை. கீழுலகில் அனுன்னாகி என்னும் நீதித் தெய்வங்கள் இருப்பதாகவும், கதிரவக் கடவுள் இரவில் அவ்வழியே செல்வதாகவும் நூல்கள் சொல்வது உண்மையே. ஆயினும் வருவோரைக் கீழுலகின் குடிகளாகப் பதிந்துகொள்வதே அந்நீதியின் பணியாகப் பெரும்பாலும் தோன்றுகிறது.

காலம் செல்லச் செல்ல இந்தக் காட்சியில் அச்சம் கூடியது. கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அசீரியப் பலகையில், கும்மாயா எனப்படும் இளவரசன் ஒருவன் கனவில் கீழுலகைக் கண்டு, சிங்கத் தலையும் மனிதக் கையும் பறவைக் காலும் கொண்ட வாயிற்காவலன் நேதுவையும், ‘விரைந்து எடுத்துச் செல்’ என்று பொருள்படும் பெயருடைய படகோட்டி ஹுமுத்தபாலையும், இன்னும் பல கலப்புருவங்களையும் பார்த்து நடுங்குகிறான். பிற்காலச் சமயங்களின் நரகச் சித்திரங்களைப் படித்தவருக்கு இவை பழக்கமானவையாகத் தோன்றக்கூடும். ஆயினும் இங்கும் கொடூரமாக இருப்பது காவலரின் உருவமே. குடிகளின் வேதனை விவரிக்கப்படவில்லை.

அப்படியானால் அரல்லுவில் ஒருவருடைய நிலையை எது முடிவு செய்தது? இதற்கான தெளிவான விடை, கில்காமேஷும் என்கிடுவும் கீழுலகும் என்னும் சுமேரியப் பாடலில் உள்ளது. அதன் ஒரு பகுதி அக்காடியத்தில் பெயர்க்கப்பட்டுக் காப்பியத்தின் பன்னிரண்டாம் பலகையாக இணைக்கப்பட்டது. கீழே சென்று பார்த்த என்கிடுவிடம் கில்காமேஷ் ஒவ்வொரு வகையாரைப் பற்றியும் கேட்கிறான். ஒரு மகனை மட்டும் பெற்றவன் சுவரில் அறைந்த முளையைப் பார்த்து அழுகிறான். இரு மகன்களைப் பெற்றவன் இரண்டு செங்கற்கள் மீது அமர்ந்து அப்பம் உண்கிறான். மூவரைப் பெற்றவனுக்குத் தோற்பையிலிருந்து குடிநீர் கிடைக்கிறது. நால்வரைப் பெற்றவன் நான்கு கழுதைகள் பூட்டியவன்போல் மகிழ்கிறான். ஐவரைப் பெற்றவன் நல்ல எழுத்தரைப்போல அரண்மனைக்குள் தடையின்றி நுழைகிறான். அறுவரைப் பெற்றவன் உழவன்போல் மனம் நிறைந்திருக்கிறான். எழுவரைப் பெற்றவன் சிறு தெய்வங்களோடு இருக்கையில் அமர்கிறான். படைப்பார் எவருமற்ற ஆவியோ, பானையில் ஒட்டியதையும் தெருவில் எறிந்த துணுக்குகளையும் தின்கிறது. பெயர் பெறும் முன்பே இறந்துபோன குழந்தைகள் மட்டும் பொன், வெள்ளி மேசையருகே தேனும் நெய்யும் சூழ விளையாடுகின்றன. பிள்ளைகளை இழந்த எத்தனை பெற்றோர்க்காக அந்த ஓரிரு அடிகள் பாடப்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இப்பகுதியைக் கடக்க இயலாது. தீயில் எரிந்தவனைப் பற்றிக் கேட்டபோது, அவன் ஆவி அங்கே இல்லை, புகையாய் வானேறிவிட்டது என்பது விடை. உடலைப் புதைக்கும் மரபினர்க்கு எரிதல் விடுதலையாகத் தோன்றவில்லை. இறந்தோர் நாட்டிலும் இடம் கிடைக்காத முழு அழிவாகவே பட்டது.

ஆக, அரல்லுவில் நிலவிய வேறுபாடு ஒருவரின் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று. மேலே இருக்கும் உறவினர் அவருக்குச் சோறும் நீரும் தொடர்ந்து தருகிறார்களா என்பதைப் பொறுத்தது. இந்தப் படையலுக்கு அக்காடியத்தில் ‘கிஸ்பு’ என்று பெயர். அமாவாசையை ஒட்டி, வீட்டின் மூத்த வாரிசு முன்னோரின் பெயர்களைச் சொல்லி அழைத்து, மாவுணவும் பீரும் வைத்து, நீர் வார்த்தார். நீரை மண்ணுக்குள் செலுத்தச் சுடுமண் குழாய்களும் பயன்பட்டன. இக்கடமையை ஏற்றவருக்கு ‘பாகிது’, அதாவது பேணுபவர், என்ற பெயர் வழங்கியது. 1922 முதல் 1934 வரை ‘ஊர்’ என்னும் பண்டைய நகரை அகழ்ந்த லியோனார்டு வூலி, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த குடியிருப்புகளில், பின்கட்டு அறைகளின் தரைக்கு அடியில் செங்கல் வளைவுக் கல்லறைகளைக் கண்டார். இறந்தோர், தாம் வாழ்ந்த அதே வீட்டில், பேரப்பிள்ளைகளின் காலடியிலேயே இருந்தனர்.

ஆவியை அக்காடியர் ‘எதெம்மு’ என்றனர். அத்ரகாசிஸ் என்னும் படைப்புப் பாடலின்படி, மனிதன் களிமண்ணோடு கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் சதையும் குருதியும் சேர்த்துப் பிசையப்பட்டவன். அத்தெய்வத்தின் பங்கே சாவுக்குப் பின்னும் எஞ்சும் எதெம்மு. அழியாத அந்தக் கூறு பசித்தால் மேலே வரும். காதிரைச்சல், தீராத தலைவலி போன்ற நோய்களை ‘ஆவியின் கை’ என வகைப்படுத்தி, அவற்றைத் தீர்க்கும் சடங்குகளையும் மருந்துகளையும் விரிவாக எழுதிய பலகைகள் பல கிடைத்துள்ளன. அச்சம் அவற்றில் இருக்கிறது. ஆனால் அதனினும் மேலோங்கி நிற்பது கடன்பட்டவரின் உணர்வு.

கில்காமேஷ், என்கிடு பாடல் மகன்களை மட்டுமே எண்ணியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கை அதனினும் நெகிழ்வாக இருந்தது. சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த எமார் நகரின் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டு உயில்களில், ஒரு தந்தை தன் மகளைச் சட்டப்படி ‘ஆணும் பெண்ணும்’ என்று அறிவித்து, தன் தெய்வங்களையும் தன் இறந்தோரையும் அழைக்கும் உரிமையை அவளிடம் ஒப்படைப்பதைக் காணலாம். வீட்டுச் சொத்தும் இறந்தோர் கடனும் ஒரே கையில் போய்ச் சேர்ந்தன.

இந்த நம்பிக்கை அரசியலிலும் கூரிய ஆயுதமானது. அசீரிய அரசன் சென்னகெரிபுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்ற பாபிலோனிய மன்னன் மெரோதாக் பலாதான், கடல்வழியே ஏலாம் நாட்டுக்கு ஓடும்போது, தன் முன்னோரின் எலும்புகளைக் கல்லறைகளிலிருந்து எடுத்துத் தன்னோடு கொண்டு சென்றான். அரை நூற்றாண்டு கழித்து அசூர்பானிபால் ஏலாமின் தலைநகர் சூசாவை அழித்தபோது, அந்நாட்டுப் பழைய மன்னர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை அசீரியாவுக்கு எடுத்துவந்ததாகவும், அவர்களுடைய ஆவிகளுக்கு உணவுப் படையலும் நீர் வார்ப்பும் இல்லாமல் செய்ததாகவும் தன் பொறிப்பில் பெருமையோடு எழுதிவைத்தார். எதிரியின் நிலத்தையும் உயிரையும் பறித்த பின்னும் பறிப்பதற்கு இன்னொன்று மிச்சம் இருந்தது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அரல்லுவின் வருணனைகளைப் பத்திரமாகப் படியெடுத்துக் காத்த நூலகமும் அவருடையதே.

இதற்கு நேரெதிரான சான்று பழைய அசீரிய நகரான நிம்ருதில் கிடைத்தது. இராக்கியத் தொல்லியலாளர்கள் 1988 முதல் அங்குள்ள அரண்மனைத் தரைக்கு அடியில் அரசியரின் கல்லறைகளைத் திறந்தபோது, அவற்றுள் ஒன்றில் மூன்றாம் திக்லத்பிலேசரின் மனைவி யாபாவின் பெயர் பொறித்த கல்வெட்டு இருந்தது. தன் உறக்கத்தைக் குலைப்பவர், தன் நகைகளில் கைவைப்பவர், கல்லறையின் முத்திரையை உடைப்பவர் ஆகியோரின் ஆவி, மேலே கதிரவனின் கீழ்த் தாகத்தோடு அலைய வேண்டும், கீழே நீர் வார்க்கும் வேளையில் அனுன்னாகியரோடு பங்கு பெறக் கூடாது என்று அது சபிக்கிறது. உயிரை எடுக்க அரசி வேண்டவில்லை. தாகமும் அலைச்சலுமே போதுமானவையாக இருந்தன. ஆனால் அதே கற்பெட்டியில், யாபாவின் மீது, இன்னொரு பெண்ணின் உடலும் பின்னர் வைக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலத்தில் அரலு இன்று அருகிவிட்டது. கில்காமேஷ் காப்பியத்தின் மொழிபெயர்ப்புகள் வழியே ‘இர்கல்லா’ ஓரளவு அறியப்பட்டிருக்க, ஆய்வாளர்கள் பொதுவாகக் கீழுலகு என்ற வெறும் சொல்லோடு நின்றுவிடுகின்றனர். பொதுச்சொல்லால் தவறு நேராது. ஆனால் ஆயன் ஒளிந்த மேய்ச்சல் வெளியும், திறக்கும் போதெல்லாம் எதையேனும் கழற்றிக்கொள்ளும் வாயில்களும் அதில் இல்லை.

அந்த நாடு முற்றிலும் மூடியதென்றும் பாபிலோனியர் எண்ணவில்லை. இஷ்தாரின் இறக்கமே, தும்முசிக்காக ஆண்டுதோறும் அழும் நாளில் இறந்தோரும் அவனோடு மேலே வந்து நறும்புகையை நுகர்வதைச் சொல்லி முடிகிறது. பேணுவாரற்ற ஆவிகளை அரசே பொறுப்பேற்றதற்கும் சான்று உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளதும், 1966இல் வெளியிடப்பட்டதுமான ஒரு சிறு பலகை, கி.மு. பதினேழாம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட அம்மிசதூகாவின் காலத்துக் கிஸ்புப் படையலுக்கு உரியது. அது ஹம்முராபி மரபின் முன்னோரை, கூடாரத்தில் வாழ்ந்த தொல்குடித் தலைவர்கள் தொடங்கி, வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. அதன் பின், இப்பலகையில் எழுதப்படாத அரச மரபினரையும், தம் தலைவனுக்காகப் போர்களில் விழுந்த வீரர்களையும், அரச குலத்து ஆண்களையும் பெண்களையும், கிழக்கிலிருந்து மேற்கு வரை பேணவும் பெயர் சொல்லவும் எவருமில்லாத அனைவரையும் வந்து உண்ணவும் பருகவும், அம்மிதிதானாவின் மகனும் பாபிலோனின் அரசனுமான அம்மிசதூகாவை வாழ்த்தவும் அழைக்கிறது.